மன்னாரில் பிடிபட்ட ஏழு கடற்கன்னிகள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களுக்குள் ஒரு காணொளி வந்து விழும். கடற்கன்னி கரையொதுங்கியது என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். இடத்தின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், இது மெய்யா?" அந்தக் காணொளிகள் பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் உலகத்தின் பேர்போன கடற்கன்னிக் கதைகளில் ஒன்று நம்முடைய மன்னாரில் நடந்தது. அதற்கு ஆண்டு இருக்கிறது. அறுத்துப் பார்த்த வைத்தியரின் பெயரும் இருக்கிறது.

அந்தக் கதையையும், நம் கடலைப் பற்றி மனிதர்கள் பட்ட வேறு சில பயங்களையும் இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

*1560 ஆம் ஆண்டு*

பாலம் கடந்து தீவுக்குள் நுழையும்போது நம் கண்ணில் முதலில் படும் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1560 இல் கோவாவில் இருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது படையெடுத்து வந்தார். அந்தப் படையெடுப்பின் முடிவில்தான் மன்னாரில் போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது. எதிர்க்கரையில் புன்னைக்காயலில் இருந்த பரதவக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரையும் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். பிறகு 1658 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, 1696 இல் திருத்திக் கட்டினார்கள். இன்று நாம் காண்பது ஒல்லாந்தர் திருத்திய கோட்டை.

அதே 1560 இல்தான் இன்னொன்றும் நடந்ததாக இயேசு சபையினரின் வரலாற்று ஏடு சொல்கிறது. மன்னார்க் கடலில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல் மனிதர்கள் பிடிபட்டார்கள். அவர்களை, அல்லது அவற்றை, கோவாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அரசப் பிரதிநிதியின் வைத்தியர் திமாஸ் பொஸ்கெஸ் என்பவர் அறுத்துப் பரிசோதித்தார். உள்ளுறுப்புகளின் அமைப்பு எல்லா விதத்திலும் மனித உடம்பைப் போலவே இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

பாமர மீனவர் ஒருவர் இருட்டில் எதையோ கண்டு பயந்து சொன்ன கதை அல்ல இது. படித்த பாதிரிமார் பதிவு செய்தது. அந்தக் காலத்தின் பெரிய வைத்தியர் ஒருவர் கத்தி எடுத்துப் பார்த்துச் சொன்னது. அதனால்தான் ஐரோப்பாவில் பல காலம் இதை மேற்கோள் காட்டினார்கள்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கதையை எடுத்து ஆராய்ந்தவர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1845 முதல் 1850 வரை இலங்கையில் ஆங்கிலேய அரசின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1861 இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்பிட்டியிலிருந்து இராமர் அணை வரைக்கும் உள்ள ஆழமில்லாத கடலில் ஒரு பிராணி தாராளமாக இருக்கிறது, கடற்கன்னிக் கதை அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். 1847 இல் மன்னாரில் கொல்லப்பட்ட ஒன்றை அவருக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதன் நீளம் ஏழு அடிக்கு மேல்.

அந்தப் பிராணியை உங்களுக்குத் தெரியும். நாம் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்கிற அதே பிராணிதான். சிங்களத்தில் அதை முஹுது ஊரா, அதாவது கடற்பன்றி என்பார்கள். ஒரே பிராணியை ஒருவர் கண்ணுக்குப் பசுவாகவும், இன்னொருவர் கண்ணுக்குப் பன்றியாகவும், வெளியூரில் இருந்து வந்தவர் கண்ணுக்குப் பெண்ணாகவும் தெரிந்திருக்கிறது.

*வைத்தியர் எங்கே தவறினார்?*

பொஸ்கெஸ் வைத்தியரை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர் கண்டது பொய்யில்லை என்பதுதான் முக்கியம்.

கடற்பசு மீன் இல்லை. அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு எடுத்தாக வேண்டும். முட்டை இடாது, குட்டி ஈனும், பால் கொடுக்கும். பால் காம்புகள் முன் துடுப்புகளின் அக்குளில் இருக்கும். அதாவது ஒரு தாய்க்கு மார்பு இருக்கும் இடத்துக்குக் கிட்ட. குட்டி தாயை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டே திரியும். முன் துடுப்பின் தோலுக்கு உள்ளே நம் கையில் இருப்பது போல எலும்புகளும் விரல் எலும்புகளும் இருக்கும். இதன் நெருங்கிய உறவு திமிங்கிலமோ டொல்பினோ அல்ல, யானை. வளர்ந்த ஆணுக்குச் சிறிய தந்தம்கூட வெளியே தெரியும்.

அப்படியானால் வைத்தியர் கண்ட இதயமும் நுரையீரலும் கருப்பையும் உண்மை. கண்டதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை. மனிதனுக்கு இருப்பது இதற்கும் இருக்கிறது, ஆகவே இது மனித இனம் என்றார். மனிதனும் இதுவும் பாலூட்டிகள் என்று சொல்லும் வகைப்பாடு அவர் காலத்தில் வந்திருக்கவில்லை. பார்த்தது சரி, ஏற்கெனவே மனதில் இருந்த கதைக்குள் அதைப் பொருத்தியதுதான் தவறு. என் மாணவர்களுக்கு விஞ்ஞானம் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் நம் ஊர் உதாரணம்.

ஐரோப்பியர் மனதில் அந்தக் கதை முன்பே இருந்தது. 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் கடலில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். படங்களில் வரைவது போல அவ்வளவு அழகாக இல்லை என்றும் குறை சொல்லியிருக்கிறார். அவர் கண்டது கடற்பசுவின் அந்தப் பக்கத்து உறவான மனாட்டி. இந்த இனம் முழுவதற்கும் விஞ்ஞானிகள் வைத்த பெயர் சைரீனியா. பாட்டுப் பாடி மாலுமிகளை இழுத்துக் கொல்லும் கிரேக்கக் கதையின் சைரன்களிலிருந்து எடுத்த பெயர். புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சாதுப் பிராணிக்கு ஆளைக் கொல்லும் மோகினியின் பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

*தூரத்தில் இருந்தவர்கள் எழுதியவை*

நம் கடலைப் பற்றிய பயங்கரக் கதைகள் 1560 இல் தொடங்கியவை அல்ல. கி.பி. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஏலியன், தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் சிங்கத் தலை மீன்களும், சிறுத்தைத் தலை மீன்களும், கூந்தலுக்குப் பதிலாக முள் முளைத்த பெண் உருவ மீன்களும் இருப்பதாக எழுதி வைத்தார். அவர் இந்தப் பக்கம் வந்தவரே அல்ல.

அரபு உலகத்திலும் இப்படி நிறைய உண்டு. சிந்துபாத் தீவு என்று நினைத்து இறங்கி, நெருப்பு மூட்டிய பிறகுதான் அது பெரிய மீனின் முதுகு என்று அறிந்த கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் அல் கஸ்வீனி, படைப்புகளின் அற்புதங்களைத் தொகுத்த தன் நூலில், வால் உள்ள தண்ணீர் மனிதனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

இவற்றில் நமக்கு மிகக் கிட்டத்தில் நடந்தது மாலைதீவுக் கதை. இப்னு பதூதா 1343, 1344 ஆண்டுகளில் மாலைதீவில் காதியாக இருந்தார். அங்கிருந்துதான் 1344 இல் நம் பக்கம் வந்து, புத்தளம் என்று கருதப்படும் பத்தாலாவில் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவரிடம் இருந்த முத்துகளையும் பார்த்தார். மாலைதீவு மக்கள் இஸ்லாத்துக்கு வந்த விதம் பற்றி அவர் கேட்டு எழுதிய கதை இது. மாதத்துக்கு ஒருமுறை கடலிலிருந்து ஒரு ஜின், விளக்குகள் நிறைந்த கப்பல் போல வரும். கரையோரத்தில் இருந்த கோயிலில் ஒரு கன்னிப் பெண்ணை இரவில் விட்டுவிட்டு வருவார்கள். காலையில் அவள் பிணமாகக் கிடப்பாள். ஒரு மாதம், சீட்டு விழுந்த வீட்டுத் தாய் அழுவதைக் கண்ட அபுல் பரகாத் என்ற மக்ரிப் நாட்டு ஹாபிழ், அந்தப் பெண்ணுக்குப் பதிலாகத் தானே போய் அமர்ந்து விடிய விடியக் குர்ஆன் ஓதினார். ஜின் கிட்ட வந்து, ஓதல் காதில் விழுந்ததும் கடலுக்குள் போய்விட்டது. அந்த மன்னர் இஸ்லாத்தை ஏற்ற ஆண்டு 1153 என்பது மாலைதீவு மரபு. அந்த வெளிச்சங்களை ஓர் இரவு தானும் கண்டதாகவும், மக்கள் தக்பீரும் தஹ்லீலும் சொல்லிக்கொண்டு சட்டி பானைகளைத் தட்டியதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார்.

கடலில் இரவில் தெரிந்த வெளிச்சம் என்ன, பெண்களைக் கொன்றது யார் என்பதெல்லாம் அவரவர் யோசனைக்கு. என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு ஊர் முழுக்கப் பயந்து, அந்தப் பயத்துக்கு விலையாக மாதாமாதம் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய் விடியும்வரை உட்கார்ந்திருக்க ஒருவர் வந்தபோதுதான் அது நின்றது. கதை என்று வைத்துக்கொண்டாலும் இது பெரிய பாடம்.

நம் மார்க்கத்திலேயே கடலின் பெரிய பிராணியைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் தலைமையில் போன முந்நூறு பேர் கொண்ட படை, உணவு தீர்ந்து, மரத்தின் இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தது. அப்போது கடல் ஒரு குன்று போன்ற மீனைக் கரையில் தள்ளியது. அம்பர் என்று அதற்குப் பெயர். அதன் விலா எலும்புகள் இரண்டை நட்டு வைத்தால் அதன் கீழால் ஒட்டகம் போகும் அளவு பெரிது. ஸஹாபாக்கள் அதைப் பூதம் என்று ஓடவில்லை. யோசித்தார்கள், பிறகு அல்லாஹ் தந்த ரிஸ்க் என்று பல நாள் சாப்பிட்டார்கள். மதீனா திரும்பியதும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் விசாரித்துத் தெளிந்தும் கொண்டார்கள். பெரிய ஒன்றைக் காணும்போது யோசிப்பது, தெரிந்தவரிடம் கேட்பது என்ற ஒழுங்கு அந்தச் சம்பவத்தில் இருக்கிறது.

*கடல்கட்டி*

இதுவரை சொன்னவை வெளியாட்கள் எழுதிய பயங்கள். தினமும் கடலுக்குள் இறங்கிய நம் ஆட்களின் பயம் வேறு. அவர்கள் கடற்கன்னிக்குப் பயப்படவில்லை. சுறாவுக்குப் பயந்தார்கள்.

முத்துச் சிலாபம் நம் கரையின் பெரிய வரலாறு. சிலாவத்துறை என்ற பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எல்லாம் ஒரு காலத்தில் உலகம் அறிந்த பெயர்கள். சிலாபம் நடக்கும் மாதங்களில் வெறும் மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், அரபுக் கரைச் சுழியோடிகள் என்று எல்லோரும் வந்து சேர்வார்கள். சுழியோடியிடம் இருந்தது ஒரு கயிறு, காலை வைத்து இறங்க ஒரு கல், சிப்பி போட ஒரு கூடை, ஒரு மூச்சு. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். கீழே ஒரு நிமிடம் அளவுதான் நிற்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் எது வருகிறது என்று பார்க்கவும் நேரம் இல்லை.

அதனால் கடல்கட்டி வந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதிவிட்டார். முத்து வியாபாரிகள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுப்பார்களாம். மந்திரம் பகலுக்கு மட்டும். இரவில் களவாகச் சிப்பி எடுக்க யாரும் இறங்காதபடி மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். சுறாவுக்குக் கட்டியது கள்ளனுக்குக் காவலாகவும் பயன்பட்டிருக்கிறது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் வந்த பிறகும் கடல்கட்டி இருந்தார். 1799 முதல் 1804 வரை இலங்கையில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், 1807 இல் வெளியிட்ட நூலில் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். கடல்கட்டிகள் எல்லோரும் ஒரே குடும்பம். இருவர் எப்போதும் வேலையில் இருப்பார்கள். ஒருவர் தலைமை வள்ளத்தில் கடலுக்குப் போவார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள், வள்ளங்கள் போனது முதல் திரும்பும்வரை யார் கண்ணிலும் படாமல் பூட்டிக்கொண்டு இருப்பார். அவர் முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர். அதற்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள். கடலில் சுறா யாரையாவது கடித்தால் இங்கே ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிக்கும் என்று நம்பினார்கள். கடல்கட்டி மனக்குறைப்பட்டால் சுறாவை ஏவியும் விடுவார் என்ற நம்பிக்கையும் இருந்ததால், அவருக்குக் காணிக்கை குறையாமல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். சுறா வராவிட்டால் மந்திரம் பலித்தது. வந்துவிட்டால் காணிக்கை போதவில்லை. எப்படி நடந்தாலும் அவருக்கு நட்டம் இல்லை. இன்றும் தகடு, தாயத்து விற்பவர்களின் வியாபாரம் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் சிலாபத்தை மேற்பார்வை செய்ய அரிப்பில் ஒரு மாளிகையே கட்டினார். கடல் அரித்து இடிந்து கிடக்கும் அந்தக் கட்டடத்தை அல்லிராணியின் பெயரோடு சேர்த்துச் சொல்பவர்கள் நம்மில் உண்டு. அந்த ஆட்சியாளர்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடல்கட்டியை அவர்கள் துரத்தவில்லை. கடல்கட்டி இல்லையென்றால் சுழியோடி இறங்கமாட்டார். சுழியோடி இறங்காவிட்டால் அரசுக்கு வருமானம் இல்லை.

இன்னொரு விசயத்தை ரெனன்ற் எழுதியிருக்கிறார். அவர் சிலாபக் கரைக்குப் போனபோது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். சுழியோடிகள் எந்த மதமாக இருந்தாலும், கட்டுபவர் எந்த மதமாக இருந்தாலும், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று அவருக்குச் சுகவீனம், பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள், தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பெரியவரின் பிரதிநிதி என்று சுறாக்கள் தன்னை மதிக்கும் என்று சொன்னாராம்.

இதை வாசித்து நானும் சிரித்தேன். நம் மார்க்கத்தில் இப்படியான மந்திரத்துக்கு இடம் இல்லை என்பதும் தெளிவு. ஆனால் ஒரே மூச்சோடு பத்துப் பாகம் இறங்கும் மனிதனின் மனநிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் கடனாளி. வீட்டில் பிள்ளைகள். இறங்கத்தான் வேண்டும். கைகால் நடுங்காமல் இறங்க அவனுக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

*உண்மையில் கொன்றது எது?*

சிலாபத்தில் சுறாவால் நடந்த விபத்துகள் மிகக் குறைவு என்று அந்தக் காலத்தில் அருகிருந்து பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வள்ளங்கள், ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே இடத்தில் இறங்கி ஏறும் சத்தத்துக்கே சுறா விலகிப் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தக் கூட்டத்தை உண்மையில் கொன்றது கரையில் இருந்தது. நல்ல தண்ணீர் இல்லாத மணல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சிப்பிகளை முத்துக்காக அழுக விட்டிருந்தார்கள். அங்கே வாந்திபேதி, அதாவது கொலரா, பரவியது. அதனால் சிலாபத்தையே இடைநிறுத்திய ஆண்டுகள் உண்டு. கடலுக்குள் இருந்த சுறாவுக்குக் கடல்கட்டி இருந்தார். குடிதண்ணீரில் இருந்த கிருமிக்கு யாரும் இல்லை, ஏனென்றால் அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

இந்த வரலாறு முழுக்க எனக்குத் தெரிவது இந்த ஒன்றுதான். கடலோடு சம்பந்தப்பட்ட நம் பயம் திரும்பத் திரும்பத் தவறான இடத்தில் போய் நின்றிருக்கிறது. புல் மேய்ந்த பிராணி பூதமானது. அபூர்வமாகக் கடித்த சுறாவுக்குப் பங்கு கொடுத்தோம். கொன்ற தண்ணீரைக் குடித்தோம். இன்றைக்கும் அது மாறவில்லை.

*இன்று யார் யாருக்குப் பயப்பட வேண்டும்?*

கடற்பசு வளர்ந்தால் மூன்று மீற்றர் நீளம், நானூறு கிலோவரை எடை. சாப்பாடு கடற்புல். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ மேயும். எழுபது வருடம்கூட வாழக்கூடியது. ஆனால் பெண் கடற்பசு ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் மூன்று முதல் ஏழு வருடம் ஆகலாம். ஆகவே ஒரு தாயைக் கொன்றால் பல வருடங்களின் வாரிசைக் கொன்றதாகும்.

இதன் உறவுப் பிராணி ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வட பசிபிக்கின் குளிர்க் கடலில், நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிய கடற்பசு இருந்தது. 1741 இல் கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி அதை முதன்முதலில் விவரித்து எழுதினார். செய்தி பரவ, வேட்டைக்காரர் இறைச்சிக்காகப் போனார்கள். 1768 உடன் அது முடிந்துவிட்டது. கண்டுபிடித்து 27 வருடத்தில் ஓர் இனம் பூமியில் இல்லை. சீனக் கடலில் நம் ஆவுளியாவின் இனமே நடைமுறையில் அழிந்துவிட்டதாக 2022 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நம் கடலில் ரெனன்ற் காலத்தில் தாராளமாக இருந்தது. இன்று கடலுக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், உயிரோடு ஒன்றைக் கண்டீர்களா என்று. இலங்கையில் 1970 முதல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி அது. பிடிப்பதும் கொல்வதும் இறைச்சியை விற்பதும் குற்றம். எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. நம் பக்கத்தில் டைனமைட் வெடி சட்டவிரோதம். இழுவைமடி 2017 இல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் வெடிச் சத்தமும் நிற்கவில்லை, எல்லை தாண்டி வந்து கடலடியை வழித்துப் போகும் இழுவைப் படகுகளும் நிற்கவில்லை. வெடியும் இழுவையும் அழிப்பது கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்தை மட்டும் அல்ல. இறாலும், நண்டும், மீன் குஞ்சும் வளர்வது அதே கடற்புல்லில்தான். நம் சிறு மீனவர்களின் சோறும் அந்தப் புல்லில்தான் இருக்கிறது.

இதோடு, ஆவுளியா இறைச்சிக்கு இன்னும் இரகசியமாக ஆள் இருக்கிறது. மருந்து என்பார்கள், பலம் என்பார்கள். ஹலால் ஹராம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை, அது உலமாக்களின் வேலை. ஆனால் நாட்டின் சட்டம் தடுத்திருப்பதை, அழியும் நிலையில் இருப்பதை, ஒரு கிலோ இரண்டு கிலோ ஆசைக்காக வாங்குவது அமானிதத்தைப் பேணுவதாகுமா என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்கலாம். வாங்குபவர் இல்லாவிட்டால் வெட்டுபவரும் இல்லை. வலையில் தவறுதலாகச் சிக்கினால், மூச்சு முட்டுவதற்கு முன் அறுத்து விடுங்கள். வலை போனால் இன்னொரு வலை முடியலாம்.

*ஒரு வேண்டுகோள்*

1990 ஒக்டோபரில் நாம் இந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீடும் தோணியும் மட்டும் போகவில்லை. எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலிப் பக்கத்துப் பெரியவர்கள் தலைக்குள் வைத்திருந்த கடல் அறிவும் அகதி முகாம்களில் கதைகேட்க ஆள் இல்லாமல் போனது. எந்தப் பாரில் என்ன மீன், எந்தக் காற்றில் நீரோட்டம் எப்படித் திரும்பும், எந்த இடத்தில் இறங்கக்கூடாது, அங்கே என்ன இருப்பதாகச் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

அந்தப் பயக் கதைகளையும் நான் மதிக்கிறேன். "அங்கே போகாதே, பேய் இழுத்துவிடும்" என்று ஒரு உம்மா சொன்னால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சுழியோ பள்ளமோ இருந்திருக்கும். பேயை நம்பாத நம் பிள்ளைகளுக்கு இப்போது அந்தச் சுழியையும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேயை விட்டுவிடுவோம். சுழி எங்கே என்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதில் கடலுக்குப் போன ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையில் அவருக்கு அருகில் உட்காருங்கள். ஆவுளியாவைக் கண்டிருக்கிறாரா, எங்கே, எந்த மாதத்தில் என்று கேளுங்கள். கடல்கட்டி பற்றி அவருடைய வாப்பா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். கடலில் எந்த இடத்துக்குப் பயந்தார்கள், ஏன் என்று கேளுங்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். பேசாலை, வங்காலை, தலைமன்னார்ச் சகோதரர்களும் தயவுசெய்து சேருங்கள், இந்தக் கடல் எல்லோருக்கும் ஒன்றுதான். விருப்பமானவர்கள் எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளை வைத்து ஊர் வாரியாக எழுதித் தொகுக்கலாம் என்று இருக்கிறேன். எழுதி முடித்ததும் இதே இடத்தில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் கடலிலும், அதை நம்பி வாழும் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.